தெற்குப் பக்கத்துக் கொடிகள்

டிவி வாங்குகிற வீட்டில் சண்டை வருவது உண்டு. ஆனால் டிவிக்கு ஒரு டிஷ் தட்டு வாங்கி வைத்துவிட்டு, சோறு போடுகிறவளைப் பார்த்து உன் தொழிலை அந்தண்டை தள்ளி வைத்துக்கொள் என்று சொன்னதை நான் குடியிருக்கும் வீட்டில்தான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் அந்த வீட்டின் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். தையல் கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் ஓட்டை தைத்து, காஜா எடுத்துக் கொடுப்பது என் வேலை. கீழ்த்தளத்தில் லாண்டரி. இரண்டாவது மாடியில் லாண்டரிக் குடும்பம். அதற்கு மேலே மொட்டை மாடி. குடும்பம் என்றால் பெரிய கூட்டமில்லை. லாண்டரி அக்கா, அவள் புருஷன் இஸ்திரி அண்ணன், அண்ணனுக்கு அண்ணனான பெரியவர். பெரியவர் மின்சார ஆபீஸ் கிடங்கில் பல்பும் ஒயரும் எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் பல்பை எண்ணியதாலே உலகத்தில் மின்சாரம் ஓடுகிற எல்லாப் பொருளும் தனக்கு அத்துப்படி என்பது அவர் நினைப்பு. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டிலேயே இருக்கிறார். சாப்பாடு, துணி, வெந்நீர் எல்லாம் அக்கா கையால்தான். ஆனால் அவளிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவள் எதிரிலேயே நின்றாலும், "தம்பி, டீயில சக்கரை கம்மின்னு சொல்லு" என்பார். தம்பியும் அவள் பக்கம் திரும்பி, "சக்கரை கம்மியாம்" என்பார். அவள் காது கேட்காதவள் போல.

அந்த வீட்டில் ஆண்கள் இஸ்திரி போடுவார்கள், துவைப்பதும் காயப்போடுவதும் பெண்கள் வேலை. யார் எப்போது வகுத்தார்களோ. ஆஸ்பத்திரி விரிப்புகள் காலையில் தள்ளுவண்டியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அக்கா கறை உள்ளதைத் தனியாகப் பிரித்து, சலவைச் சோடாவில் ஊறவைத்து, மெஷினில் போட்டு, நீலம் முக்கிப் பிழிந்து, டப்பில் அடுக்கி, இடுப்பில் வைத்து மூன்று மாடி ஏறுவாள். தெற்குப் பக்கம் முழுக்க அவள் கொடிகள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு ஏற்றபடி ஓரத்தை மடித்துக் கிளிப் போடுவாள். நடுவில் போட்டால் தடம் விழும், இஸ்திரிக்கு அது போகாது. முழுசாகக் காய்ந்தாலும் கூடாது, கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே எடுத்துக் கீழே கொண்டு போகவேண்டும். சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வரும். மடித்த விரிப்பைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் அந்த மூட்டையே திரும்பிவிடும். நாலு தடவை திரும்பினால் வேலையே வேறு லாண்டரிக்குப் போய்விடும்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசித் துணியை எடுத்ததும் அக்கா கொடிகளை எல்லாம் அவிழ்ப்பாள். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைத்து, வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். வாரம் முழுக்கத் தூசி படிந்த கொடியில் வெள்ளை விரிப்பைப் போட்டால் நடுவில் கோடு விழுந்துவிடும். திங்கள் காலையில்தான் திரும்பக் கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மாடியைப் பார்க்கிற யாருக்கும் அது வெறும் மாடி. கூத்து எல்லாம் இதில்தான் வந்தது.

மாடியின் வடக்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கும். நடுவில் படிக்கட்டு முடிகிற சின்ன அறை. அந்த அறையின் கூரைமேல் பெரியவரின் புறாக்கூண்டு. நல்ல உயரம், தெற்கே தடையில்லாத வானம். மாடியிலேயே ராஜாவுக்குரிய இடம் அதுதான். அதில் புறாக்கள் குடியிருந்தன. அவை அக்காவின் விரிப்புகள்மேல் எச்சமிட்டு, அவள் திரும்பத் துவைத்ததெல்லாம் எத்தனையோ தடவை. ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

டிஷ் வாங்கும் யோசனை பெரியவருடையது. கேபிள்காரன் அடிக்கடி காலை வாரினான், அது உண்மை. பெரியவர் கடை கடையாகப் போய் நோட்டீஸ்களை வாரிக்கொண்டு வந்து இஸ்திரி மேஜைமேல் பரப்பினார். அன்று முடித்த காஜாச் சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுக்க நானும் போயிருந்தேன்.

"இங்க பாரு தம்பி. பெரிய தட்டுன்னா வாங்கறதோட சரி, மாசாமாசம் அழவேணாம். ஆனா மேட்ச் வராது. சின்னத் தட்டுக்கு மாசம் கட்டணும். மேட்ச், சினிமா எல்லாம் வரும். இந்த பாக்ஸ்ல நாம தூங்கும்போது அதுவே படத்தைப் பிடிச்சு வச்சுக்குமாம்."

"நாம தூங்கும்போது அது எதுக்குண்ணே பிடிக்கணும்?"

"உனக்கு எதுதான் விளங்குச்சு? நாளைக்குப் பாக்கறதுக்குடா."

"நாளைக்கு வேற படம் போடுவானே."

"இவன்கிட்ட பேசறதுக்கு இஸ்திரிப் பெட்டிகிட்ட பேசலாம். இந்தா பாரு, இந்த பாக்ஸ்ல மூக்குல இருக்கற முடிகூடத் தெரியுமாம்."

இஸ்திரி அண்ணன் நோட்டீஸில் இருந்த சிரிக்கிற குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டார். பாதிக் குடும்பம் கருகிப் போனது. அந்த நேரம் டப்போடு உள்ளே வந்த அக்கா நின்று, "என்னங்க, மழை வருமா வராதான்னு சொல்ற சேனல் இதுல இருக்கான்னு கேளுங்களேன்" என்றாள்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேஜையைச் சுற்றி அன்று பேசியதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். மழை எப்போது வரும் என்று தெரிந்தால் அந்த வீட்டில் பாதித் தலைவலி தீரும். பெரியவர் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"தம்பி, மழையைப் பாக்க டிஷ் எதுக்கு, தலையை வெளியே நீட்டினா போதும்னு சொல்லு."

தம்பி சொல்லவில்லை. ஆனால் சிரித்தார். அக்கா டப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். எனக்குத்தான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

கடைசியில் மூக்கு முடி தெரிகிற சின்னத் தட்டையே வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை டிஷ்காரர் வந்தார். மேலே சுற்றிப் பார்த்துவிட்டு, "படிக்கட்டு ரூம் மேலதான் சார் பெஸ்ட். இந்தக் கூண்டைக் கொஞ்சம் எறக்கி வச்சா போதும்" என்றாராம்.

"கூண்டைத் தொட்டே, கை இருக்காது. புறா இடம் மாத்தினா ஓடிப்போயிடும். இவ்வளவு மாடி சும்மாதானே கெடக்கு, கீழ வை."

சும்மா கிடந்தது. ஏனென்றால் அன்று ஞாயிறு, கொடிகள் ஆணியில் தொங்கின. டிஷ்காரருக்கு அது லாண்டரி மாடி என்றே தெரியாது. பெரியவருக்குத் தெரியும். ஆனால் அவர் மாடிக்குப் போவது காலையில் கருக்கலிலும் மாலையிலும், புறாவுக்குத் தீனி வைக்க. அந்த நேரத்தில் துணி இருக்காது. படிக்கட்டு அறையின் சுவரோரம் தரையில் கால் பதித்து, சிமெண்ட் போட்டு, தட்டைத் தெற்கே பார்க்க வைத்தார்கள். அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுபோனவள், "இங்கயா? டப்பு தூக்கிட்டு வரப்ப கால்ல இடிக்குமே" என்றாளாம். "ஓரமா நடக்கச் சொல்லு" என்று பதில் வந்ததாம்.

அன்று படம் பிரமாதம். என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரியவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

திங்கள் காலை படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மேட்ச்சில் பந்து போடுகிறவன் கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். பிறகு திரையே கறுப்பாகி, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. பெரியவர் போட்ட சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. கடைக்கு போன், கடைக்காரனுக்கு அர்ச்சனை. மத்தியானம் தானாகவே படம் வந்தது. மறுநாள் காலை மறுபடி போச்சு, மத்தியானம் வந்தது. பாக்ஸை மாற்றினார்கள், ஒயரை மாற்றினார்கள். அதே கதைதான்.

"காலைல குளிர்ல பாக்ஸு வெறைச்சுப் போகுது" என்று பெரியவர் கண்டுபிடித்தார். "சூடு ஏறினதும் வேலை செய்யுது. மின்சாரம்னா அப்படித்தான்."

அதற்கு அவர் செய்த வைத்தியம்தான் அந்த வீட்டில் மட்டும் நடக்கக்கூடியது. இஸ்திரி அண்ணன் காலையில் ஒரு துண்டைச் சூடாக இஸ்திரி போட்டு, ஆறுவதற்குள் இரண்டாவது மாடிக்கு ஓடி, டிவி பக்கத்திலிருக்கும் பாக்ஸ்மேல் போர்த்தவேண்டும். ஆறியதும் அடுத்த துண்டு. பிள்ளை பெற்றவளுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல அந்தப் பெட்டிக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகள் இஸ்திரி ஆகாமல் மேஜையில் குவிந்து கிடந்தன. நடுநடுவே பெரியவர், மேலே துணி விரிக்கிற அக்காவுக்குத் தம்பி வழியாக, "தட்டைக் கொஞ்சம் இடதுபக்கம் அசைக்கச் சொல்லு" என்பார். அவள் ஈரக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வருதா? இப்ப?" என்று கத்துவாள். துணி தரையில் புரளும்.

ஒரு வழியாக டிஷ்காரரே வந்தார். வேலை நாள், நல்ல வெயில், அக்காவுக்கு ஒத்தாசையாக நானும் மேலே இருந்தேன். மாடிக்கு வந்தவர் திகைத்து நின்றார். வரிசையாக வெள்ளை விரிப்புகள், தண்ணீர் சொட்டச் சொட்ட. தட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. குனிந்து உள்ளே போய், தட்டுக்கு முன்னால் தொங்கிய விரிப்பைக் கையால் தூக்கினார்.

"வந்துடுச்சு!" என்று கீழேயிருந்து பெரியவர் குரல்.

விட்டார்.

"போச்சு!"

தூக்கினார்.

"வந்துடுச்சு! அப்படியே வை, அப்படியே வை!"

டிஷ்காரர் சிரித்தே விட்டார். நானும் சிரித்தேன். அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பாவம், அதற்கப்புறம் நடக்கப்போவது தெரியாமல்.

பெரியவரும் தம்பியும் மேலே வந்தார்கள். டிஷ்காரர் சொன்னார்: "சார், பாக்ஸ்ல ஒண்ணுமில்ல. ஈரத்துணி முன்னால இருந்தா சிக்னல் உள்ள வராது. காஞ்சதும் வந்துடும். தட்டு தரையில இருக்கறதால கொடியெல்லாம் அதுக்கு நேரா மேல வருது. கூண்டை எறக்கி வச்சுட்டு மேல ஏத்திட்டா பிரச்சினையே இல்ல. அரை நாள் வேலை."

பெரியவர் கூண்டைப் பார்த்தார். புறாக்கள் அவரைப் பார்த்தன. பிறகு தம்பி பக்கம் திரும்பினார்.

"கொடியை அவுத்து அந்தப் பக்கம் கட்டிக்கச் சொல்லு."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"வடக்குப் பக்கம்தான் அவ்வளவு எடம் கெடக்கேன்னு சொல்லு."

இஸ்திரி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "பாத்துக்கலாம்ணே" என்றார். எதற்கும் அவருக்கு அதுதான் பதில். பாத்துக்கலாம், பாத்துக்கலாம் என்றே பாதி ஆயுசு போய்விட்டது.

"என்னத்தைப் பாத்துப்பீங்க?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "வடக்குல வெயில் எங்க இருக்கு? பாசியில போன வருஷம் நான் வழுக்கி விழுந்து இடுப்புல அடிபட்டது மறந்துபோச்சா? அங்க போட்டா சாயங்காலத்துக்குள்ள ஒரு விரிப்பு காயாது. வண்டிக்காரன் அமுக்கிப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுட்டுப் போவான். அப்புறம் நாம என்னத்தைத் துவைக்கறது, என்னத்தைத் திங்கறது?"

"மேட்ச் முடியற வரைக்குந்தானே, மத்தியானத்துக்கு மேல போடலாம்ல?" என்றார் பெரியவர், தம்பியிடம்.

"மத்தியானத்துக்கு மேல போட்டா ராத்திரி நெலா வெளிச்சத்துலயா காயும்?"

"பேச்சைக் கொறைக்கச் சொல்லு."

"நான் இத்தனை வருஷமாக் கொறைச்சுத்தான் பேசறேன் மாமா. உங்க புறா அசிங்கம் பண்ணின துணியைத் திரும்பத் துவைச்சேன், பேசல. ஒத்தடம் கொடுக்கறேன்னு இஸ்திரியை நிறுத்தினீங்க, பேசல. மழை சேனல் கேட்டேன், சிரிச்சீங்க, அப்பவும் பேசல. புறாவுக்கு எடம் மாத்தினா ஓடிப்போயிடும். நான் ஓடமாட்டேன், அதனால என்னை மாத்தலாம். அப்படித்தானே?"

டிஷ்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "முடிவு பண்ணிட்டு போன் பண்ணுங்க சார்" என்று இறங்கிப் போனார். பெரியவர் கூண்டுக்கடியில் போய் எதையோ சரிசெய்வதுபோல நின்றார். இஸ்திரி அண்ணன் தரையில் கிடந்த கிளிப்பைப் பொறுக்கினார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். ஆனால் நான் குடியிருப்பவள். வீடு அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருக்கிறது.

அன்று அக்கா என் அறைக்கு வந்து கதவோரம் உட்கார்ந்தாள். கைவிரல் எல்லாம் சோடாவில் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது.

"அவர் சொன்னதுகூட எனக்குப் பெரிசில்ல" என்றாள். "அவர் அப்படித்தான். இந்த மனுஷன் ஒரு வார்த்தை, அவளுக்கு வெயில் வேணும்ணேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னக்கா செய்யப்போறே?"

"சொன்னதைச் செய்யப்போறேன். கொடியை அவுக்கச் சொன்னாங்கல்ல."

மறுநாள் காலை வழக்கம்போல மூட்டை வந்தது. அக்கா பிரித்தாள், ஊறவைத்தாள், மெஷினில் போட்டாள், நீலம் முக்கினாள், பிழிந்து டப்புகளில் அடுக்கினாள். டப்புகளை மாடிப்படி முடிகிற இடத்தில் வரிசையாக வைத்தாள். பிறகு மேலே போய்க் கொடிகளை ஒன்றுவிடாமல் அவிழ்த்து, சுற்றி, ஆணியில் மாட்டினாள். வேலை நாளில் அந்த மாடி அப்படி வெறிச்சோடிக் கிடந்து நான் பார்த்ததில்லை. இறங்கி வந்து கை கழுவி, முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

பெரியவர் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி அண்ணன் பக்கத்து நாற்காலியில். படம் கண்ணாடிபோல இருந்தது. மூக்கு முடி தெரிந்தது.

"துணி?" என்றார் அண்ணன்.

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"டப்புல. படம் நல்லாத் தெரியுதா மாமா? கொடியை அவுத்துட்டேன். இனிமே காலைல நானும் வந்து உக்காந்துக்கறேன். எல்லாரும் பாப்போம். சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்தா அவங்களையும் மேல கூப்பிட்டு உக்கார வைக்கலாம்."

பெரியவர் திரும்பவில்லை. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கை தட்டவுமில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அக்கா கையை நீட்டி ரிமோட்டை எடுத்தாள். அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு சேனலாக அழுத்திக்கொண்டே போனாள். பாட்டு, சமையல், அழுகை, சண்டை. பிறகு ஒரு வரைபடமும், அதன்மேல் நகர்கிற வெள்ளை மேகமும், பக்கத்தில் ஒரு பெண்ணும்.

"இருக்கு பாரு" என்றாள் என்னிடம், மெதுவாக. "எல்லாரும் சிரிச்சாங்களே, அது இதுலயே இருக்கு."

நண்பகல் வரை தெளிந்த வானம், நல்ல வெயில் என்றாள் அந்தப் பெண். பிற்பகலில் இடியுடன் பலத்த மழை.

லாண்டரி வீட்டில் இதற்கு யாரும் அர்த்தம் சொல்லவேண்டியதில்லை. இப்போதே போட்டால் எடுத்துவிடலாம். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் மொத்த மூட்டையும் ஈரம். இஸ்திரி அண்ணன் ஜன்னலைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் அசையவில்லை. மேகம் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது. அக்கா என் முழங்கையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

பெரியவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ரிமோட் அவள் கையில் இருப்பதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "மேட்ச் வைக்கச் சொல்லு" என்று பழக்கத்தில் தம்பி பக்கம் சொன்னார். பதில் வரவில்லை. அவரும் நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா பேசாமல் மேட்சை வைத்தாள். பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டம் சூடு பிடித்தது. கூரைக்கு மேலே புறாக்கள் படபடவென்று ஒரு தடவை அடித்து அடங்கின.

அப்போது பந்து போட ஓடி வந்தவனின் கால் கட்டம் கட்டமாக உடைந்தது. முகம் கலைந்தது. திரை கறுப்பாகி, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது.

"தம்பி, படம் போச்சு!" என்று கத்தினார் பெரியவர். "தம்பி!"

நாங்கள் மூன்று பேரும் அப்போதுதான் பார்த்தோம். பக்கத்து நாற்காலி காலி.

பெரியவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. அந்த வீட்டில் ஆண்பிள்ளை எவனும் கொடியில் துணி போட்டதில்லை, அதுவும் அக்கம்பக்கத்து மாடிகள் எல்லாம் பார்க்க, பட்டப்பகலில். அக்கா என் முழங்கையை விட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஓரத்துல கிளிப் போடத் தெரியாது அந்த மனுஷனுக்கு" என்றாள். "நடுவுல போட்டுத் தொலைச்சிருப்பாரு."

பெரியவர் வேறு வழியில்லாமல், என் நினைவில் முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"படம் போச்சும்மா. மேல போய்ப் பாரேன்."

"நீங்க போய்ப் பாருங்க மாமா" என்றாள் அக்கா, ரிமோட்டை அவர் கையில் வைத்து. "அப்படியே கூண்டுக்கும் வேற ஒரு எடம் பாத்துட்டு வந்துடுங்க."